ஸ்டார்ட்அப் ஐடியா: சொந்த சைடு ப்ராஜெக்ட்டில் தேடுவதா, வெளியே தேடுவதா?

தொழில் தொடங்க ஐடியா தேடுகிறவர்கள் போகும் வழி பெரும்பாலும் மூன்று. சொந்த சைடு ப்ராஜெக்ட்டில், அதாவது ஓய்வு நேரத்தில் நமக்காகச் செய்யும் வேலையில், நம்மை முட்டவைத்த பிரச்சினையை எடுப்பது முதல் வழி. வாடிக்கையாளர் வேலையில் திரும்பத் திரும்ப வருவதை விற்கக்கூடிய பொருளாக்குவது அடுத்தது. ஏற்கெனவே விற்கும் மென்பொருளின் மீது எழும் புகாரைப் பிடித்துக்கொண்டு நுழைவது மூன்றாவது. பிரச்சினையின் ஆழம் தெரிய முதல் வழியை எதுவும் மிஞ்சாது. ஆனால் காசு கொடுப்பவர் யார் என்பதை அந்த வழி சொல்லித் தராது.

அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக் பிறந்த விதம் பலருக்குத் தெரியும். அதை நிறுவிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு முதலில் கட்டியது ‘கிளிட்ச்’ என்ற இணைய விளையாட்டு. 2011-இல் வந்து, 2012 இறுதியில் மூடப்பட்டது. குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கி வைத்திருந்த கருவி மட்டும் மிஞ்சியது. அதுதான் 2014-இல் ஸ்லாக் ஆகச் சந்தைக்கு வந்தது. ஆகவே ப்ராஜெக்ட் வென்றதா தோற்றதா என்பதைவிட, அதன் மூலையில் கிடக்கும், தினமும் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட்டை (துணை நிரலை) பாருங்கள்.

கைக்கெட்டும் உதாரணம் ஒன்று. தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றுக்குச் சொற்பட்டியல் வேண்டும். கிடைத்த கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்ற நிரல் எழுதுகிறீர்கள். பாமினியில் கொம்பு (‘ெ’ போன்றது) முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. எழுத்தெழுத்தாக மாற்றினால் சொல் உடைகிறது. சரி, நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றலாம் என்றால் வேறொன்று முளைக்கிறது: ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் பாமினியில் ஒரே விசை. அதனால் ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ ஆகிவிடும். அடுத்து வருவது புள்ளியா, உயிர்க்குறியா என்று பார்த்து, அப்படியிருந்தால் ‘ள’ என்று பிரிக்க வேண்டும்; எஞ்சியதற்குச் சொல்லகராதி தேவை. இந்த நுணுக்கம் எந்தச் சந்தை ஆய்விலும் கிடைக்காது, மாட்டிக்கொண்டவருக்கே தெரியும். ஆனால் விளையாட்டு கட்டுபவர் இதற்குப் பணம் தர மாட்டார். பழைய புத்தகக் கோப்புகளை மின்னூலாக்க வேண்டிய பதிப்பகம் தரக்கூடும். வலி ஒருவருடையது, பணப்பை இன்னொருவருடையது. சைடு ப்ராஜெக்ட் ஐடியாக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டாவது வழியில் அந்தச் சறுக்கல் குறைவு, வாடிக்கையாளர் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். சிகாகோவின் 37சிக்னல்ஸ் வலைதள வடிவமைப்பு நிறுவனமாக இருந்தபோது, வேலைகளை நிர்வகிக்கத் தனக்கே கட்டிய கருவிதான் 2004-இல் வந்த பேஸ்கேம்ப் என்ற மென்பொருள். இங்கே ஆபத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது: எழுதிய நிரல் முழுவதும் வாடிக்கையாளருக்கே சொந்தம் என்று இருந்தால் அதை வெளியே விற்க முடியாது. பொதுவான பகுதிகளின் உரிமை உங்களிடம் இருப்பதாகத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வழிக்கு உதாரணம், சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள். 2010-இல் அதே வகை மென்பொருளான ஜென்டெஸ்க் விலையேற்றியபோது இணையத்தில் எழுந்த கோபத்தை, பின்னர் ஃப்ரெஷ்டெஸ்க்கை நிறுவிய கிரீஷ் மாத்ருபூதம் கவனித்தார். சந்தை தயாராக இருந்தது. ஆனால் அவர் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் இதே வகை மென்பொருளில் ஊறியவர். அந்த அனுபவம் இல்லாமல் புகாரை மட்டும் நம்பி இறங்கினால், போட்டியாளர் விலையைக் குறைத்த அன்றே காரணம் தீர்ந்துவிடும்.

வேலையில் இருந்துகொண்டு வாரம் பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் முதல் வழியில் போகலாம். ஆறு மாதத்தில் வருமானம் வேண்டும் என்பவருக்கு இரண்டாவதே சரி.

முதல் வழி என்றால், ஆறு வாரம் ஒரு நோட்டு வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேலை நின்ற ஒவ்வொரு முறையும் தேதி, என்ன தடை, எத்தனை நிமிடம், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்று முறை வந்த தடையை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் ப்ராஜெக்ட்டுக்குச் சம்பந்தமில்லாத பத்துப் பேரிடம் போங்கள். “இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். “கடைசியாக இது வந்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?” என்று கேளுங்கள். யாரும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். செலவழித்தவர் இருவருக்கு, தளம் எதுவும் கட்டாமல், உங்கள் ஸ்கிரிப்ட்டை நீங்களே ஓட்டி முடித்துக்கொடுத்துப் பணம் வாங்குங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். அலுவலக மடிக்கணினியில் எழுதியதற்கு நிறுவனம் உரிமை கோரலாம்.

ஸ்கிரிப்ட்டைப் பொருளாக்கும்போது நேரத்தைத் தின்பது மூல நிரல் அல்ல. லாகின், ஒருவர் தரவு இன்னொருவருக்குத் தெரியாமல் பிரிப்பது, பேக்கப், பில்லிங் ஆகியவைதான் தின்னும். பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை), பணம் வந்துவிட்டது என்ற ஒரே செய்தியைச் சில நேரம் இரண்டு முறை அனுப்பும். அந்தச் செய்தியில் வரும் நிகழ்வு எண்ணைச் சேமித்துச் சரிபார்க்காவிட்டால் ஒரே கட்டணம் இரண்டாகப் பதிவாகும். சந்தா விலை வைக்கும்போதும் கவனம்: ரிசர்வ் வங்கி விதிப்படி இதுபோன்ற சந்தாக்களில் 15,000 ரூபாய் வரையிலான தானியங்கிப் பிடித்தத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. 18,000 ரூபாய் ஆண்டுச் சந்தா என்றால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் கையால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதையே மாதம் 1,500 என்று வைத்தால், முதல்முறை ஒப்புக்கொண்ட பிறகு தானாகவே பிடித்துக்கொள்ளும்.