மிட்சுயா சைடரா, பொக்காரி ஸ்வெட்டா?

ஜப்பானியக் குளிர்பான விளம்பரப் பாடல்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

1973இல் மிட்சுயா சைடருக்காக (மதுவில்லாத சோடாதான்) எய்இச்சி ஓதாகி இசையமைத்துப் பாடினார். விளம்பரத்துக்கென்றே பிறந்த குட்டிப் பாட்டு. ஆனாலும் அடுக்கடுக்கான குரல்களில் அத்தனை நுணுக்கம்! அடுத்தடுத்த ஆண்டுகளிலும் புதுப்புது சைடர் பாட்டுகள் போட்டார். அவற்றைக் கோத்து 1975இல் தன் ஆல்பத்திலேயே சேர்த்துக்கொண்டார். விளம்பரப் பாட்டென்று கூச்சப்படவே இல்லை.

1993இல் பொக்காரி ஸ்வெட் விளம்பரத்தில் ஒலித்த, ஸார்ட் (ZARD) இசைக்குழுவின் 'யுரேரு ஒமொய்' வேறு ரகம். தனியாகவும் விற்பனைக்கு வந்த காதல் பாட்டு. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வரிகள் பாடகி இசுமி சகாயுடையவை, மெட்டு தெத்சுரோ ஓதா. பல்லவி வந்ததுமே கோடை வந்துவிடும்.

கூடவே பாட பொக்காரி. ஹெட்போனில் கேட்க ஓதாகி. ஒன்றுதான் என்றால், என் ஓட்டு சைடருக்கு.