குடியை விட்ட பிறகு இரண்டு வருடம் போட்ட சத்து மாத்திரைகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். குடியை நிறுத்தி இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. விட்ட மறுவாரமே உடம்பு துள்ளும் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். மதியம் இரண்டு மணிக்கு மேல் கட்டிங் மிஷினைப் பிடிக்கக் கையில் தெம்பிருக்காது. குடித்த காலத்தில்கூட இப்படிச் சோர்ந்ததில்லையே என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆபத்து. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடும் அமைப்பு) கூட்டத்தில் பசி, கோபம், தனிமை, களைப்பு நாலையும் அண்டவிடாதே என்பார்கள். எனக்கு எமன் நாலாவது.

மறுவாழ்வு மையத்தில் சேர்த்த அன்று, "சத்தே இல்ல, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று என் மனைவி கெஞ்சினாள். நர்ஸம்மா முதலில் தயமின், அதாவது பி1 ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் தொட்டார். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க உடம்புக்கு பி1 வேண்டும். குடிப்பவனுக்குச் சாப்பாடும் சரியிருக்காது, சாப்பிட்டதிலிருந்து பி1 சேர்வதையும் சாராயம் கெடுக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமும் கரைந்து மூளையைத் தாக்கலாம். கண் நிலைகொள்ளாமல் ஆடும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். வெர்னிக்கி என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வெறும் போதை மாதிரிதான் தெரியும். குடித்துச் சுருண்டு கிடப்பவனை கிளினிக்கில் போட்டு ஒரு பாட்டில் ஏற்றி அனுப்புவது எங்கள் பக்கம் சகஜம். கூடப் போகிறவர்கள் "பி1 போட்டாச்சுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிஸ்சார்ஜில் எழுதிக் கொடுத்தது தயமின் 100 மி.கி., ஒரு பி காம்ப்ளெக்ஸ். முதல் நாள் சிறுநீர் மஞ்சள் சாயத் தண்ணி மாதிரிப் போனதும் மஞ்சக்காமாலை என்று பயந்துவிட்டேன். அது பி2 செய்கிற வேலையாம். வாய்ப்புண் பத்து நாளில் ஆறியது. களைப்பு மட்டும் அப்படியே.

மூன்றாவது மாதம் இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, மெக்னீசியமும் குறைவு. மெக்னீசியம் இல்லாவிட்டால் பி1 போட்டும் சரியாக வேலை செய்யாது என்றார் டாக்டர். அந்த மாத்திரை வயிற்றைக் கலக்கினாலும், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது நின்றது. டி, 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். அதிலும் எனக்குத் தெம்பு கூடியதாகத் தெரியவில்லை.

நடுவில் இரண்டு கூத்து. மாமா ஊரிலிருந்து ஒரு அரிஷ்டம் வாங்கி வந்தார். "மருந்துதான் மாப்ள, ரெண்டு மூடி குடி, ரத்தம் ஊறும்." மூடியைத் திறந்ததும் வந்த வாசனையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அப்போது டைசல்பிராம் மாத்திரையில் இருந்தேன்; அதைப் போட்டிருக்கும்போது சாராயம் உள்ளே போனால் உடம்பு உடனே எதிர்க்கும். கால் மணி நேரத்தில் முகம் சிவந்து நெஞ்சு படபடவென்று அடித்தது, வாந்தி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாட்டிலின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் 'தானாக உருவாகும் ஆல்கஹால்' என்று சதவீதத்தோடு போட்டிருக்கிறது. அரிஷ்டம், ஆசவம் எல்லாமே நொதிக்க வைத்துச் செய்பவை. இங்கிலீஷ் டானிக்கிலும் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. டைசல்பிராம் போடாதவனுக்கும் அந்த ருசி நாக்கில் பட்டால் போதும், பழைய ஆள் எழுந்துவிடுவான்.

இரண்டாவது கூத்து, ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய வெளிநாட்டு மல்டிவைட்டமின். அதோடு பழைய பி காம்ப்ளெக்ஸ், கால் மரத்துப்போயிருந்ததால் நரம்புக்கென்று இன்னொன்று. மூன்றிலும் பி6. ஒரு நாளைக்குத் தேவை ஓரிரு மில்லிகிராம்தான். நான் போட்டது நூறைத் தாண்டியது. பி6 அளவு மீறி மாசக்கணக்கில் போனால் அதுவே காலை மரக்க வைக்கும். மரத்துப்போன காலுக்கு மருந்தென்று அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன். டாக்டர் இரண்டை நிறுத்தச் சொன்னார். அந்த வெளிநாட்டு பாட்டிலில் வைட்டமின் ஏ வேறு இருந்தது. குடித்துக் கெட்ட ஈரலுக்கு அது கூடுதல் சுமையாம்.

நிஜமாகக் களைப்பு தணிந்தது ஐந்தாம் மாதத்துக்கு மேல். முழுப் பெருமையையும் மாத்திரைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அப்போதுதான் ராத்திரி ஆறு மணி நேரம் தூங்க ஆரம்பித்தேன். சாப்பாட்டோடு டீ குடிப்பதை விட்டேன், டீ பி1-ஐக் கெடுக்கும். வீட்டில் புழுங்கல் அரிசிக்கு மாறினோம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பத்து மணிக்கு ஒரு பிடி வறுத்த கடலை.

கால்தான் பி1, பி12-க்கு நான் கொடுக்கிற சான்றிதழ். முன்பெல்லாம் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் கம்பெனி வாசல்வரை ஒற்றைக்காலில் செருப்போடு போயிருக்கிறேன். இப்போது தரையின் சூடு தெரிகிறது. இப்போதைக்கு ஒரே ஒரு பி காம்ப்ளெக்ஸ், ஆறு மாதத்துக்கொரு முறை பி12 பரிசோதனை. வலது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம் என்கிறார் டாக்டர்.