வாலிநோக்கம் பக்கம் எங்கள் உப்பளப் பம்புக்கு வைப்ரேஷன் பார்க்க வந்த சர்வீஸ்: என் அனுபவம்

ஒரே சீசனில் இரண்டு முறை பேரிங் மாற்றிய பிறகுதான் இவர்களைக் கூப்பிட்டேன், முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் ஏற்றும் 40 ஹெச்.பி. பம்பு அது, செங்குத்தாக நிற்கும் வகை, மோட்டார் உச்சியில் இருக்கும், ஓடும்போது அந்த மோட்டார் தலை ஆடுவது கண்ணுக்கே தெரியும். சித்திரை வெயிலில் பம்பு நின்றால் பாத்திக்குத் தண்ணீர் இல்லை, ஆட்களுக்கு வேலையும் இல்லை.

மதுரையில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். வந்ததும் பம்பைக் கழற்றச் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. ஓட்டத்திலேயே அதிர்வின் வேகத்தை அளந்தார்கள்: டெலிவரி பைப் போகும் திசையில் நொடிக்கு 3 மி.மீ., அதற்குக் குறுக்கே 11 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு ஏறினால் பேரிங்கைவிட ஸ்டாண்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார்கள். அப்புறம் நிறுத்தச் சொன்னார்கள். சுவிட்சை அணைத்ததும் ஒரு கணம் ஆட்டம் கூடி, பிறகுதான் அடங்கும். தினமும் பார்த்தும் எங்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது.

நின்ற பம்பை ரப்பர் முனைச் சுத்தியலால் தட்டி அளந்ததில், குறுக்குத் திசையில் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் கதி, 23.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 23.5 முறை). மோட்டார் நிமிடத்துக்கு 1480 சுற்று, அதாவது 24.7 ஹெர்ட்ஸ். தூளி தானாக ஆடும் கதியிலேயே நாமும் ஆட்டிவிட்டால் விரல் பட்டாலே போதுமே, அதேபோல ரோட்டாரில் (சுழலும் பாகத்தில்) இருக்கும் சின்ன சமநிலைக் குறையே மொத்த ஸ்டாண்டையும் உலுக்குகிறது. நிறுத்தும்போது வேகம் இறங்கி 23.5-ஐக் கடக்கிற கணம்தான் அந்த உதறல்.

போன வருஷம் எங்கள் வெல்டர் ஸ்டாண்டில் ஒரு ஆங்கிள் பற்றவைத்தார், ஆட்டம் இன்னும் கூடியது, அவரைத் திட்டினேன். விறைப்பு கொஞ்சம் மட்டும் கூடியதால் கீழே இருந்த அதிர்வெண் ஓடும் வேகத்துக்குப் பக்கத்தில் ஏறி வந்துவிட்டது என்று இவர்கள் விளக்கிய பிறகுதான் அவர் மேல் தப்பில்லை என்று புரிந்தது. ஏற்றினால் ஓடும் வேகத்தைத் தாண்டி ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 20 சதவீதமாவது இடைவெளி வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள்.

பேஸ் பிளேட்டுக்கு அடியில் இடைவெளியை நிரப்பும் கலவையான கிரவுட் உப்புக்காற்றில் பொரிந்து போயிருந்தது, ஒரு ஃபவுண்டேஷன் போல்ட் துருவில் பாதியாக இளைத்திருந்தது. போல்ட்டை மாற்றி எபாக்ஸி கிரவுட் போட்டோம், குறுக்குத் திசையில் இரண்டு பக்கமும் தடித்த தகடு வைத்துப் பற்றவைத்தோம். திரும்பவும் தட்டிப் பார்த்தார்கள், 32 ஹெர்ட்ஸ். ஓட்டத்தில் அளவு 2.4 மி.மீ.க்கு இறங்கியது.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு வரவில்லை, ஒன்பது நாள் காக்க வைத்தார்கள். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலமும் கிராஃபும்தான், எங்கள் ஃபோர்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, போனில் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார்கள் என்பது வேறு. அதைத் தமிழில் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுக்கலாம். பயணச் செலவு சேர்த்து 18,000 ரூபாய் ஆனது, இரண்டு முறை பேரிங் மாற்றியதற்கும் பம்பு நின்ற நாட்களுக்கும் போனதைப் பார்த்தால் குறைவுதான்.

ஐந்து மாதமாக அதே பேரிங் ஓடுகிறது. இப்போது சுவிட்சை அணைத்தால் அந்த உதறல் இல்லை, அப்படியே மெல்ல நிற்கிறது.