பெரிய கோப்பு ஏறவில்லையா? உலாவி, கிளையண்ட், ஆர்சிங்க்: நான் ஏன் ஆர்சிங்க் பக்கம்

டர்பனில் எங்கள் குடும்பத்தின் காவடி, தீமிதி வீடியோக்கள் எல்லாம் வீட்டு நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தமாக நடத்தும் கோப்புச் சேமிப்பு) சர்வரில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பும் பல ஜிபி. அவற்றை ஏற்ற உலாவி, நெக்ஸ்ட்கிளவுட்டின் கிளையண்ட் மென்பொருள், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை என்ற மூன்று வழிகளையும் பயன்படுத்திவிட்டு, இப்போது ஆர்சிங்க்கில் நிலைத்திருக்கிறேன்.

உலாவி வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 413 பிழை வந்தால் யாரோ அளவுக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். வலைச் சர்வர் மென்பொருளான எஞ்சின்எக்ஸை அப்படியே விட்டால் அது ஏற்கும் கோரிக்கை 1 எம்பிதான். நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் இயல்பு அமைப்பில் கோப்புக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி. சர்வருக்கு முன்னால் நின்று போக்குவரத்தைக் கடத்தும் கிளவுட்ஃபிளேர் சேவையின் இலவசத் திட்டம் வழியாகப் போனால் 100 எம்பி. அதை உங்கள் சர்வரில் எதை மாற்றினாலும் உயர்த்த முடியாது. 504 என்றால் வேறு கதை: பெரிய கோப்பு துண்டு துண்டாகப் போகும்; அந்தத் துண்டுகள் எல்லாம் வந்துவிட்டன, அவற்றை ஒட்டும்போது எஞ்சின்எக்ஸ் 60 விநாடியில் பொறுமை இழந்துவிட்டது. அந்தக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 507 வந்தால் இடம் போதவில்லை; தற்காலிகக் கோப்புகள் சேரும் வட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை எல்லாமே ஒருமுறை திருத்தினால் தீரும். தென்னாப்பிரிக்காவில் தீராத பிரச்சினை மின்சாரம். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) மிக மோசமாக இருந்தது 2023-இல். 2024 மார்ச் கடைசியில் நின்றது, 2025-இல் இடையிடையே திரும்பியும் வந்தது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, பழுது என்று எங்கள் பகுதியில் கரண்ட் போவது உண்டு. அதனால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பாதியில் அறுந்தால், மறுபடி எங்கிருந்து தொடங்கும்?

உலாவியில் பக்கம் போனால் ஏற்றியதும் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினியில் நிறுவும் கிளையண்ட் இதில் எவ்வளவோ மேல். கோப்பைத் துண்டுகளாக அனுப்புகிறது. இணைப்பு வந்ததும் விட்ட துண்டிலிருந்து தொடர்கிறது. ஆனால் முடியாத துண்டுகளைச் சர்வர் ஒரு நாளுக்குமேல் வைத்திருப்பதில்லை, பின்னணி வேலை வந்து துடைத்துவிடும். நீண்ட மின்வெட்டுக்கும் பெரிய கோப்புக்கும் இது ஒத்துவராது. இணைப்பு வேகமாக இருந்தால் கிளையண்ட் துண்டின் அளவைத் தானே பெரிதாக்குவதும் உண்டு. கிளவுட்ஃபிளேர் நடுவில் இருந்தால் அப்போது 413 திரும்ப வரும். துண்டின் உச்ச அளவை 100 எம்பிக்குக் கீழே கட்டிவிடுங்கள்.

ஆர்சிங்க் இந்த வழியிலேயே போவதில்லை. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நேரே வட்டுக்கு எழுதுகிறது. பிஎச்பி வரம்பு, ஒட்டும் வேலை, காத்திருப்பு நேரம் எதுவும் குறுக்கே வராது. பாதிக் கோப்பை வைத்திருந்து, மிச்சத்தை மட்டும் அனுப்பி, கடைசியில் முழுவதையும் சரிபார்க்கும்படி அதனிடம் சொல்லலாம். கரண்ட் ஒரு நாள் போனாலும் மூன்று நாள் போனாலும் அந்தப் பாதி அங்கேயே இருக்கும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். என்னை இதன் பக்கம் இழுத்தது இதுதான்.

பராமரிப்பு கொஞ்சம் கேட்கும். கோப்பு வந்ததும் அதன் உரிமையாளராக வலைச் சர்வரின் பயனரை மாற்ற வேண்டும். அப்புறம் நெக்ஸ்ட்கிளவுட்டின் நிர்வாகக் கட்டளையான ஓசிசியால் அந்தக் கோப்புறையை மட்டும் ஸ்கேன் செய்ய வேண்டும். அதுவரை நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. சர்வர் முழுவதையும் ஸ்கேன் செய்யாதீர்கள், வீணாக நேரம் போகும். பயனருக்கு வைத்த இட ஒதுக்கீட்டையும் ஆர்சிங்க் மதிக்காது, ஆகவே வட்டில் மிச்சம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சர்வர் பக்கக் குறியாக்கம் போட்டிருந்தாலோ, கோப்புகள் எஸ்3 போன்ற மேகச் சேமிப்பில் இருந்தாலோ இந்த வழி வேண்டவே வேண்டாம்.

என் அனுபவம் லினக்ஸ் கணினியில்தான். விண்டோஸில் ஆர்சிங்க் கூடவே வருவதில்லை. அங்கே, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகச் சிறிய கோப்புகளை மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன், அதை நம்பி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். லெனேசியாவில் இருக்கும் அக்காவுக்குக் கிளையண்டைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீடியோவை வெட்டிச் சிறிய பகுதிகளாக அனுப்புகிறார், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது.