1099-மிஸ்க் தாக்கல்: ஐரிஸா, கட்டணச் சேவையா, காகிதமா?

டெக்சாஸில் எங்கள் குடும்ப உணவகத்துக்குக் கணக்கு வழக்கு பார்ப்பது என் வேலை. கட்டடம் ஒரு தனிநபருடையது. மாதா மாதம் அவருக்கு வாடகை போகிறது. ஏ.சி. பழுது பார்ப்பவர், மெனுவுக்குப் படம் எடுத்துத் தருபவர் என்று வெளியாட்களும் உண்டு. இப்படி ஒரு கடை இருந்தாலே, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வரித்துறைக்கும் பணம் பெற்றவருக்கும் தெரிவிக்கும் 1099 படிவங்கள் ஜனவரியில் வந்து நிற்கும். சில வருடங்கள் கட்டணம் வாங்கும் ஆன்லைன் சேவை ஒன்றின் மூலம் அனுப்பினேன். இப்போது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் சொந்த இணையவாசலான ஐரிஸில் நானே தாக்கல் செய்கிறேன். எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு ஐரிஸ்தான் சரி என்பது என் முடிவு. அது இலவசம் என்பது காரணங்களில் ஒன்று மட்டுமே. பெரிய காரணம் மார்ச் 31 என்ற தேதி.

எது எந்தப் படிவம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊழியராக இல்லாமல் வெளியாளாக வேலை செய்தவருக்குக் கொடுத்த கூலி 1099-என்இசி. வாடகை, பரிசுத்தொகை, ராயல்ட்டி, மருத்துவச் செலவுக்குக் கொடுத்தது, வழக்குத் தீர்வில் வக்கீல் கையில் கொடுத்த தொகை ஆகியவை 1099-மிஸ்க். வக்கீலின் சொந்தக் கட்டணம் என்றால் அது என்இசி. இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 2025 வரை கொடுத்த பணத்துக்கு வரம்பு பெரும்பாலும் 600 டாலர். 2026 ஜனவரி முதல் கொடுப்பதற்கு அது 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது. ராயல்ட்டிக்கு மட்டும் பழைய 10 டாலரே தொடர்கிறது. கார்டில் கொடுத்த பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. அது 1099-கே வழியாகக் கார்டு நிறுவனமே சொல்லிக்கொள்ளும்.

இனி தேதிகள். என்இசி படிவத்துக்கு ஒரே கெடு: ஜனவரி 31. பணம் பெற்றவருக்கும் அன்றைக்குள் போக வேண்டும், ஐஆர்எஸ்ஸுக்கும் அன்றைக்குள் போக வேண்டும். மிஸ்க் அப்படி இல்லை. பெற்றவருக்கு ஜனவரி 31. படிவத்தில் வக்கீல் தொகைக்கான 10-ஆம் கட்டத்திலோ 8-ஆம் கட்டத்திலோ தொகை இருந்தால் பிப்ரவரி 15. ஐஆர்எஸ்ஸுக்குக் காகிதத்தில் அனுப்பினால் பிப்ரவரி 28, மின்வழி என்றால் மார்ச் 31. விடுமுறை நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள். 2027-இல் ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை, ஆகவே பிப்ரவரி 1 வரை நேரம் இருக்கும்.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு மையில் அச்சான, ஐஆர்எஸ்ஸுக்கான ஏ பிரதியை ஐஆர்எஸ் தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்து அனுப்ப முடியாது, அசல் தாளை வரவழைக்க வேண்டும். மேலே 1096 என்ற முகப்புத் தாள் வேறு. அதைவிட முக்கியம், 2024 முதல் பத்துப் படிவம் இருந்தாலே மின்வழித் தாக்கல் கட்டாயம். முன்பு இந்த வரம்பு 250. பத்து என்பதில் ஊழியர்களின் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவங்களும் சேரும். எட்டு ஊழியர், இரண்டு 1099 என்றாலே காகிதக் கதவு மூடிவிட்டது. ஒரு சின்ன உணவகத்தில் எட்டுப் பேர் இருப்பது சாதாரணம்.

சிபிஏ எனப்படும் உரிமம் பெற்ற கணக்காளரிடம் கொடுப்பது இன்னொரு வழி. நல்ல சிபிஏ இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மார்ச் 15-க்குள் பார்ட்னர்ஷிப், எஸ்-கார்ப் ரிட்டர்ன்களை முடிக்க அவர் ஓடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் உங்கள் ஒற்றைப் படிவத் திருத்தமும் அவர் மேஜைக்குப் போகும்.

இந்தத் திருத்தத்தை வைத்துத்தான் நான் ஐரிஸ் பக்கம் வந்தேன். மிஸ்க் படிவத்தின் பெரிய வசதி, பெற்றவர் கைக்குப் போகும் நாளுக்கும் ஐஆர்எஸ்ஸுக்குப் போகும் கடைசி நாளுக்கும் நடுவே கிடக்கும் இரண்டு மாதம். காகிதத்தில் அனுப்புகிறவருக்கு அது ஒரே மாதம். படிவம் தபாலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மனிதர்கள் அதைப் பார்ப்பார்கள். கட்டடத்தைப் போன வருடமே என் எல்எல்சி நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிட்டேன், அதன் வரி எண்ணைப் போடுங்கள் என்பார் ஒருவர். ஜூலையிலிருந்து வாடகை வாங்குவது பராமரிப்பு நிறுவனம், அதை ஏன் என் கணக்கில் காட்டினீர்கள் என்பார் இன்னொருவர். அவர் சொல்வதும் சரி: சொத்தைப் பராமரிக்கும் ஏஜென்ட்டிடம் கொடுத்த வாடகைக்கு நாம் 1099 கொடுக்க வேண்டியதில்லை, அந்த ஏஜென்ட்தான் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய முன்பணம் வாடகைத் தொகையில் சேர்ந்திருக்கிறது என்ற புகாரும் வரும்.

இந்தப் பேச்செல்லாம் பிப்ரவரியில்தான் நடக்கும். ஐஆர்எஸ்ஸுக்கு இன்னும் அனுப்பவில்லை என்றால், வரைவைச் சரிசெய்து, பெற்றவருக்குத் திருத்திய பிரதி கொடுத்து, ஐஆர்எஸ்ஸுக்கு முதல் தடவையே சரியான படிவத்தை அனுப்பிவிடலாம். அனுப்பியாகிவிட்டது என்றால் வேலை கூடும். தொகை தவறு என்றால் ஒரு திருத்தப் படிவம் போதும். பெயரோ வரி எண்ணோ தவறு என்றால் பொது விதிப்படி இரண்டு வேண்டும்: பழையதைப் பூஜ்யமாக்க ஒன்று, சரியானதைப் பதிய ஒன்று. படிவத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் சேவையில் அதற்கும் தனிக் கட்டணம் வரலாம். நான் பயன்படுத்திய சேவையில் ஒரே பொத்தானில் பெற்றவருக்குத் தபாலும் ஐஆர்எஸ்ஸுக்குத் தாக்கலும் சேர்ந்தே போய்விடும். ஜனவரியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறதே என்று அது நிம்மதியாகத்தான் தோன்றும். மிஸ்க் படிவத்தில் அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை இந்த இரண்டு மாதம். தாக்கல் தேதியை மார்ச்சுக்குத் தள்ளிவைக்க விடும் சேவைகளும் உண்டு. கட்டணச் சேவைதான் வேண்டும் என்பவர்கள் பணம் கட்டுமுன் இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அபராதம் இரண்டு தனித்தனிக் கணக்கு. ஐஆர்எஸ்ஸுக்குத் தாமதமாகவோ தவறாகவோ அனுப்பியதற்கு ஒன்று, பெற்றவருக்கு அப்படிக் கொடுத்ததற்கு இன்னொன்று. 2026-இல் கெடு விழுந்த படிவங்களுக்கு, முப்பது நாளுக்குள் சரிசெய்தால் படிவத்துக்கு 60 டாலர், ஆகஸ்ட் 1-க்குள் என்றால் 130, அதற்குப் பிறகு 340. வேண்டுமென்றே விட்டதாகக் கருதினால் 680. பணவீக்கத்துக்கு ஏற்ப இந்தத் தொகைகள் மாறும். 100 டாலர் வரையிலான தொகைப் பிழைக்குப் பொதுவாக அபராதம் கிடையாது, பெற்றவர் திருத்தித் தரச் சொன்னால் ஒழிய. பெற்றவர் பிரதியில் ஏற்பட்ட பிழையை அந்த இரண்டு மாதம் துடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐஆர்எஸ் பக்கத்து அபராதத்தைத்தான் அது முழுவதும் தவிர்க்கிறது. பெற்றவர் பக்கத்தில் தவறு சீக்கிரம் தெரிந்து, குறைந்த படியிலேயே முடியும்.

என்இசியில் இந்த அவகாசம் சட்டத்திலேயே இல்லை. அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜனவரி முதல் வாரத்திலேயே தொகை, பெயர், முகவரி மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பி, சரிதானா என்று கேட்டுவிடுகிறேன். பெயரும் வரி எண்ணும் எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தை முதல் செக் கொடுக்கும் முன்பே வாங்கி வைப்பதும் இதில் சேர்த்தி. வரி எண் தராதவருக்கு 24 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் அன்றைக்கே படிவம் வந்துவிடுகிறது.

ஐரிஸில் சிரமம் ஆரம்பத்தில்தான். டிசிசி என்ற அனுப்புநர் எண் வேண்டும். ஐடி.மீ வழியாக அடையாளத்தை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்க 45 நாள் வரை ஆகலாம் என்று ஐஆர்எஸ்ஸே சொல்கிறது. என்இசியும் அனுப்புகிறவர் ஜனவரி 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் நடுவுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். நவம்பரில் செய்வது உத்தமம். ஃபயர் என்ற பழைய தாக்கல் முறைக்கு வாங்கிய எண் இங்கே செல்லாது. அந்தப் பழைய முறையே 2026 இறுதியோடு நிற்கப்போகிறது. எண் வந்தபிறகு வேலை எளிது. திரையில் நேராகத் தட்டலாம், அல்லது சிஎஸ்வி கோப்பில் ஒரே தடவையில் நூறு படிவம் வரை ஏற்றலாம். அனுப்பியதைப் பிறகு அங்கேயே திருத்தலாம்.

ஐரிஸ் உங்களுக்காகத் தபால் தலை ஒட்டாது. பெற்றவருக்கான பி பிரதியை நீங்களே அச்சிட்டு அனுப்ப வேண்டும். அதற்கு வெள்ளைத்தாள் போதும். ஐஆர்எஸ் தளத்தில் உள்ள பிடிஎஃப்பிலேயே நிரப்பிக்கொள்ளலாம். மின்னஞ்சலில் மட்டும் அனுப்புவதானால் பெற்றவரின் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். கட்டணச் சேவைகள் இந்த இடத்தில் உண்மையிலேயே உதவுகின்றன: அச்சிடுவார்கள், அனுப்புவார்கள், பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பார்கள். ஐம்பது பேருக்கு அனுப்ப வேண்டியவர் அந்தக் காசைக் கொடுப்பதில் தப்பே இல்லை.

கால நீட்டிப்பிலும் இரண்டு படிவங்களும் வேறு வேறு. மிஸ்க்குக்கு 8809 படிவத்தை மார்ச் 31-க்குள் அனுப்பினால் காரணம் சொல்லாமலே முப்பது நாள் கிடைக்கும். என்இசிக்கு அது தானாகக் கிடைக்காது. காகிதத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். எந்த நீட்டிப்பும் பெற்றவருக்குக் கொடுக்கும் தேதியைத் தள்ளிப்போடாது. அதற்குத் தனி விண்ணப்பம்.

தமிழ்ச் சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் பொருளாளராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாப நோக்கற்ற அமைப்புக்கும் இந்தக் கடமை உண்டு. பொங்கல் விழாவுக்கு மேடை அமைத்துக் கொடுத்த உள்ளூர்க்காரருக்கு என்இசி வரலாம். பள்ளிக்கூட அரங்கு வாடகை அரசுப் பள்ளி மாவட்டத்துக்குப் போனால் படிவம் வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த கலைஞருக்கோ பட்டிமன்றப் பேச்சாளருக்கோ இங்கே நடந்த நிகழ்ச்சிக்காகக் கொடுத்த சன்மானம் 1099-இல் வராது. அவர் அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவர் என்றால் 1042-எஸ் படிவம், கெடு மார்ச் 15, பொதுவாக 30 சதவீதப் பிடித்தமும் உண்டு. இதை நிகழ்ச்சிக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கைமாறி, அவர் சென்னைக்கு விமானம் ஏறியபிறகு பிடித்தம் செய்ய வழியில்லை.

என் அனுபவம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்கிறேன். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் மாநிலத்துக்குத் தனியாக அனுப்பும் வேலை எனக்கு வந்ததே இல்லை. நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ கடை நடத்துகிறவருக்கு அந்த வேலையும் சேரலாம். மாநிலத்தின் கெடு ஐஆர்எஸ் கெடுவோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. பல மாநிலங்களுக்குச் சேர்த்து அனுப்ப வேண்டியவர், மாநிலத் தாக்கலையும் பொறுப்பேற்கும் சேவையை எடுத்துக்கொண்டு, மிஸ்க் தாக்கலை மட்டும் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதே எனக்குத் தெரிந்தவரை நல்ல வழி.