மார்கழிக் கோழிக்கு குண்டு பல்பா, உமியா?

வேலூர்க்காரன் குளிரைப் பற்றிப் பேசினால் சிரிப்பீர்கள், தெரியும். மே மாசம் 40 டிகிரியைத் தாண்டி வறுபடுகிற ஊர். ஆனால் மார்கழி விடியலில் கொல்லைப்பக்கம் போனால் தெரியும், ஏலகிரி மேலே என்றால் கேட்கவே வேண்டாம். கூட்டுக்குள் குண்டு பல்ப் போடுவதா, உமியைக் கொட்டிவிட்டால் போதுமா என்று வருஷா வருஷம் கேள்வி வரும்.

நான் உமி கட்சி. முதல் வருஷம் பல்ப் கட்சியில்தான் இருந்தேன்: தகரக் கூரை, நாலு பக்கமும் தார்ப்பாய், உள்ளே 100 வாட் பல்ப். காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் எச்ச நெடியில் கண் எரிந்தது. தகரத்தின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்து, ஒவ்வொன்றாகக் கோழி முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. வேறென்ன, கோழி விடுகிற மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, சில்லிட்ட தகரத்தில் பட்டுத் தண்ணீராகத் திரும்பி வந்ததுதான். பொங்கலுக்குள் பாதிக் கோழிக்குச் சளி. கரண்ட் பில் தனி, பல்ப் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ளுமோ என்று எனக்குத் தூக்கமும் போனது.

வளர்ந்த கோழிக்கு உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. இறகை உப்பிக்கொண்டு, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்து, தலையைச் சிறகில் சொருகிவிட்டால் அதுதான் அதற்குக் கம்பளி. கனடாவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற குளிரிலும் ஹீட்டர் இல்லாமல் வளர்க்கிறவர்கள் உண்டு. அங்கே கொண்டை நுனி உறைந்து கறுத்துப்போவது ஒரு தொல்லை, கூட்டில் ஈரம் சேர்ந்தால் அது இன்னும் மோசமாகும். நமக்குக் கொண்டை உறையாது, ஆனால் அந்த ஈரம் இங்கேயும் அதே ஈரம்தான்.

இப்போது ரைஸ் மில் உமி அரை அடிக்குப் போடுகிறேன், காய்ந்த வேர்க்கடலைத் தோல் கிடைத்தால் அதையும் கலப்பேன். வாரம் இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள், உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் மாற்றுங்கள். காற்று அடிக்கிற பக்கம் கீழே சாக்கு, கூரையை ஒட்டி மேலே ஒரு சாண் இடைவெளி, அதை மட்டும் அடைக்காதீர்கள். கீற்றுக் கூரை சொட்டாது, ஆனால் எலியும் கோழிப்பேனும் குடிவரும்.

பல்ப் ஜெயிக்கிற இடமும் உண்டு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது, ஓரமாக ஓடினால் சுடுகிறது. குஞ்சே சொல்லிவிடும்.

முட்டை குறைவதற்கும் குளிரைத் திட்டுகிறோம். டிசம்பரில் இங்கே பகல் பன்னிரண்டு மணி நேரம்கூடக் கிடையாது, முட்டைக்கோழி நன்றாக இட 14 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். அதற்கு ஒரு சின்ன எல்இடி போதும். என் 100 வாட் பல்ப் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, அடுத்த ஈட்டுக்குக் குஞ்சு வாங்கினால்தான் வெளியே எடுப்பேன்.