ரோசிக்கு கு.க. ஆபரேஷன்: சத்துவாச்சாரி கிளினிக் அனுபவம்

வேலூர்ல நாய்க்கு கருத்தடை ஆபரேஷன் எங்க பண்ணலாம், எவ்ளோ ஆகும், உயிருக்கு ஒண்ணும் ஆகாதில்லனு நிறைய பேர் கேக்கறீங்க, நானும் மூணு மாசம் முன்னாடி இதையே தான் எல்லார்கிட்டயும் கேட்டுகினு இருந்தேன், அதனால விடாம எழுதறேன். கிளினிக் பேரு போடல. டாக்டர் ஒத்த ஆளா பாக்கறாரு, வாரத்துக்கு நாலு ஆபரேஷனுக்கு மேல எடுக்கறதில்ல, கூட்டம் சேந்தா ஒழுங்கா பாக்க முடியாது மா, போடாதீங்கன்னு அவரே சொல்லிட்டாரு. சத்துவாச்சாரில உள்ள தள்ளி ஒரு தெருவுல இருக்கு, ரெண்டு ரூம், வெளிய ஒரு வேப்பமரம், அவ்ளோ தான் இடம்.

ரோசி நாட்டு நாய். ஒன்றரை வயசு, 16 கிலோ. விருதம்பட்டு பக்கம் பாலாத்தங்கரையில குட்டியா கிடந்தவள என் பையன் தூக்கினு வந்தான். ஒம்பதாவது மாசம் முதல் ஹீட் (ஆண் நாயோட சேர்ற பருவம்) வந்தப்ப மூணு வாரம் எங்க தெருவே தூங்கல, ராத்திரி கேட்டு வாசல்ல ஏழெட்டு ஆண் நாய் நிக்கும், சண்டை, கடி, ரத்தம். அப்பவே ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொன்னேன், எங்க அத்தை ஒத்துக்கல. "பொட்டப்புள்ளயா பொறந்தது ஒரு தடவையாவது குட்டி போட வேணாமா, பாவம் டி"ன்னு அழுதாங்க. நான் வாதாடல, டாக்டர்கிட்டயே அவங்களயும் இட்டுனு போனேன்.

அந்த கிளினிக்ல எனக்கு முதல்ல பிடிச்சது இது தான், அவர் என்கிட்ட பேசல, அத்தைகிட்ட பேசினாரு. ஒரு தடவை குட்டி போட்டா தான் உடம்புக்கு நல்லதுன்றது உண்மை இல்ல மா, ஒவ்வொரு ஹீட்டும் தாண்ட தாண்ட மார்க்கட்டி வர்ற வாய்ப்பு கூடிகினே போகும், வயசான பொட்ட நாய்க்கு ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல கர்ப்பப்பையில சீழ் கட்டும், அப்ப ராத்திரியோட ராத்திரி வயித்த கிழிக்கணும், அந்த நிலைமையில பாதி உயிர் போயிருக்கும்னு பொறுமையா சொல்லி போன்ல ஒரு போட்டோ காட்டினாரு. அத்தை வாயத் தொறக்கல. வெளிய வந்து "தேதி குறிடி"ன்னாங்க.

தேதி குறிச்சாச்சு, அதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும்னாரு. எடுத்தா பிளேட்லெட் 62 ஆயிரம். நாய்க்கு ரெண்டு லட்சத்துக்கு கொறையாம இருக்கணுமாம். உண்ணிக் காய்ச்சல். பாக்க ஒண்ணுமே தெரியல, நல்லா தான் சாப்டுகினு ஓடிகினு இருந்தா. அட்வான்ஸ் குடுக்க பணம் எடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. "இப்ப கத்தி வெச்சா ரத்தம் நிக்காது மா, 28 நாள் டாக்சிசைக்ளின் குடுங்க, திரும்ப டெஸ்ட் எடுத்துட்டு பேசலாம்." வந்த காச திருப்பி அனுப்பற ஆள நான் பாத்ததில்ல. என்கூட வேலை செய்யற பொண்ணு வேற ஒரு இடத்துல, கம்மி ரேட்டுன்னு போயி, ரத்த டெஸ்டே எடுக்காம பண்ணிட்டாங்க, மூணாம் நாள் தையல் விட்டு புள்ள பட்ட பாடு இருக்கே, அத நேர்ல பாத்தவ நான், அதனால தான் இத இவ்ளோ பெருசா சொல்றேன்.

இங்க தான் கட்டாய கருத்தடை சட்டம் பத்தி சொல்லணும். என் தம்பி நொய்டால வேலைக்கு இருக்கான். அங்க 2022 கடைசில ரூல் போட்டாங்க, வளக்கற நாய், பூனை எல்லாத்தயும் பதிவு பண்ணணும், கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் கட்டாயம், இல்லனா 2023 மார்ச்ல இருந்து மாசம் 2000 ரூபா ஃபைன். தம்பி சொன்னப்ப நான் கூட, சூப்பர், இங்கயும் போடணும்னு தான் சொன்னேன். ரோசியோட ரிப்போர்ட் கையில வந்தப்புறம் அப்படி சொல்ல முடியல. இங்க அந்த மாதிரி ஒரு கெடு இருந்து, நான் ஃபைனுக்கு பயந்து, கம்மி ரேட்டு இடத்துல படுக்க வெச்சிருந்தா இன்னிக்கு அவ இருந்திருக்க மாட்டா. தேதி போட்ட ஆர்டருக்கு பிளேட்லெட் தெரியாது, டாக்டருக்கு தெரியும்.

டாக்டர்கிட்டயும் கேட்டேன், கட்டாயமாக்கினா நல்லது தானே சார்னு. அவர் சொன்னதுல ரெண்டு விஷயம் மனசுல நின்னுச்சு. அமெரிக்கால லாஸ் ஏஞ்சலஸ் சிட்டில 2008லயே நாலு மாசம் தாண்டின நாய் பூனைக்கெல்லாம் கட்டாயம்னு சட்டம் வந்துச்சாம், அதுல கூட உடம்பு சரியில்லனா டாக்டர் லெட்டர் குடுத்து விலக்கு வாங்கலாம். ஆனா அந்த நாட்டு கால்நடை டாக்டர்ங்க சங்கமே வீட்டு நாய்க்கு கட்டாய கருத்தடை சட்டத்த ஆதரிக்கல, ஏன்னா ஃபைனுக்கு பயந்து ஜனங்க லைசென்ஸ் எடுக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரிக்கே இட்டுனு வர மாட்டாங்க, கடைசில ரேபிஸ் ஊசியும் போகும்னு சொல்றாங்க. இது நூத்துக்கு நூறு எங்க தெரு. நோட்டீஸ் வந்துச்சுன்னா நாய கொல்லப்பக்கம் கட்டிட்டு "எங்க வீட்ல நாயே இல்லீங்க"ன்னு தான் சொல்வாங்க.

இன்னொன்னு வயசு. எல்லா நாய்க்கும் ஒரே வயசு சரிப்படாது. கோல்டன் ரெட்ரீவர்ல சின்ன வயசுலயே பண்ணினதுங்களுக்கு மூட்டுப் பிரச்சனை அதிகம்னு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி டேவிஸ்ல 2013ல ஆராய்ச்சி வந்திருக்கு, அதனால பெரிய ஜாதிக்கு எலும்பு முத்தற வரைக்கும் காத்திருக்க சொல்றாராம், ரோசி மாதிரி நாட்டு நாய்க்கு அவ்ளோ பயம் வேணாம்னாரு. நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் ஏற்கனவே சுத்தமான வம்சம் தேடித்தான் கெடைக்குது, மொத்தமா கட்டாயம்னா அதுங்க கதி என்னன்னும் யோசிக்கணும் இல்ல.

2024 மார்ச்ல மத்திய அரசு 23 ஜாதி நாய தடை பண்ண சொல்லி, ஏற்கனவே வளக்கறவங்க கருத்தடை பண்ணிடணும்னு ஒரு சுற்றறிக்கை விட்டாங்களே, என் ஃப்ரெண்டு ராட்வீலர் வெச்சிருக்கான், பயந்து போயி இந்த டாக்டருக்கு தான் போன் பண்ணினான். அடுத்த மாசமே கர்நாடகா ஹைகோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. யாரயும் கேக்காம போட்டா அப்படித்தான் நிக்காம போகும்.

அதுக்காக கருத்தடையே வேணாம்னு சொல்றவ இல்ல நான். தெரு நாய்க்கு ஏபிசி ரூல்ஸ்னு மத்திய அரசோட கருத்தடை விதிங்க இருக்கு, 2001ல வந்தது, 2023ல புதுசா மாத்தினாங்க, புடிச்சு ஆபரேஷன் பண்ணி ஊசி போட்டு அதே இடத்துல விடறது, அத நல்லா பண்ணட்டும். வீட்டு நாய் ஓனர் பொறுப்பு. ஆனா தெருவுல திரியற குட்டிங்கள்ல எத்தன, வீட்ல போட்டு பாலாத்தங்கரையில விட்டது? ரோசியே அப்படி வந்தவ தானே. அதனால குட்டி போட வெச்சு விக்கறவன்கிட்ட கறாரா இருக்கணும், அதுக்கு 2017லயே ரூல்ஸ் இருக்கு, பதிவு பண்ணாம விக்கவே கூடாது. வீட்ல ஒண்ணு வளக்கறவங்களுக்கு ஃபைன் வேணாம், பக்கத்துல நல்ல ஆபரேஷன் வேணும். பக்கத்து ஜில்லா ராணிப்பேட்டையிலயே 1932ல இருந்து ஆடு மாடு கோழிக்கு தடுப்பூசி மருந்து செய்யற அரசு நிலையம் இருக்கு, ஒன்றியத்துக்கு ஒரு ஆபரேஷன் வண்டி விட முடியாதா என்ன.

சரி, ஆபரேஷன் நாள். திரும்ப டெஸ்ட் எடுத்து பிளேட்லெட் ரெண்டு லட்சத்து பத்தாயிரம் வந்தப்புறம் தான் தேதி குடுத்தாரு. வேலூர் வெயிலுக்கு காலைல ஏழு மணிக்கே வர சொல்லிட்டாரு, முந்தின ராத்திரில இருந்து சாப்பாடு கிடையாது. காட்பாடில இருந்து ஆட்டோ, அந்த நேரத்துல கிரீன் சர்க்கிள் காலியா இருந்துச்சு, நல்லதா போச்சு. டிரிப் போட்டு, கேஸ் மயக்கம் குடுத்து, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டாரு. கண்ணு முழிக்கற வரைக்கும் ஹெல்பர் தம்பி ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து போர்வை போத்தி தடவிகினே இருந்தாரு, ஜன்னல் வழியா பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. சாயந்தரம் வீட்டுக்கு. ராத்திரி பத்து மணிக்கு டாக்டரே போன் பண்ணி யூரின் போனாளா, வாந்தி எடுத்தாளான்னு கேட்டாரு. பத்தாம் நாள் தையல் பிரிச்சாச்சு, தழும்பு மூணு இன்ச் கூட இல்ல.

ஆபரேஷன் 7500, ரத்த டெஸ்ட் ரெண்டு தடவை 1800, மருந்து 1150. மொத்தம் 10,450. பில்லு கையால எழுதி தர்றாரு, எது எதுக்கு எவ்ளோன்னு கேட்டா தான் சொல்றாரு, தானாவே எழுதலாம். தையல நக்காம இருக்க கழுத்துல மாட்டற கோன் சைஸ் சரியில்ல, ரெண்டாம் நாளே கழட்டிட்டா, பையனோட பழைய பனியன போட்டு சமாளிச்சோம். மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் போன் எடுக்க மாட்டாங்க. உக்கார இடம் கம்மி, மரத்தடியில தான் நிக்கணும். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா எவ்ளோ ஆச்சுன்னு கேட்டாங்க, தொகைய சொன்னதும் முகம் வாடிடுச்சு. வீட்டு வேலைக்கு போறவங்க, அவங்க நாய் மூணாவது ஈத்து போட்டு ஆறு குட்டி இப்ப கொட்டாயில இருக்கு. போன வாரம் அவங்கள இட்டுனு போயி டாக்டர்கிட்ட நேரா சொன்னேன். "ரெண்டு மூணு தடவையா கட்டுங்க மா, மொதல்ல டெஸ்டுக்கு மட்டும் எடுத்துனு வாங்க"ன்னாரு. குட்டிங்க பால் மறந்ததும் ரத்தம் எடுக்கணும். ரெண்டு குட்டிக்கு வீடு கெடச்சிடுச்சு, நாலுக்கு தேடிகினு இருக்கோம், காட்பாடி பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.